வெந்தயம் மணந்த விருந்து

சென்ற கிழமை உயர்தர வகுப்பு மாணவரின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். செய்யுளொன்றைக் கொடுத்து, அதன் நயங்களை எடுத்துக் காட்டுக என்று கேட்டிருந்தேன். வந்தவை முப்பத்தெட்டு விடைகள். அவற்றுள் முப்பத்தாறு, கற்போர் நெஞ்சைக் கொள்ளை கொள்ளும் வண்ணம் புலவர் பாடியுள்ளார் என்று தொடங்கிக் கற்கண்டென இனிக்கின்றது என்று முடிந்தன. நான் கொடுத்த செய்யுளோ தலைவனை இழந்த வீட்டின் புலம்பல்! எஞ்சிய இரண்டில் ஒன்று வெறுந்தாள். மற்றையதில் ஒரு பெண்பிள்ளை, எங்கள் அம்மம்மா செத்த அன்று அடுப்பு மூட்டாமற் கிடந்த குசினி நினைவுக்கு வந்தது என்று ஒரே வரி எழுதியிருந்தாள். கூடிய புள்ளி அந்த ஒரு வரிக்கே கிடைத்தது.

கற்கண்டு எழுதிய பிள்ளைகள்மீது எனக்குக் கோபமில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பின்னர் நானும் ஒருநாள் அதே தவற்றைச் செய்திருக்கிறேன். அது பிரான்சு தேசத்தின் போர்டோ நகரிலே, ஒரு விருந்து மேசையில் நடந்தது. அவ்விருந்திற் பரிமாறப்பட்டது திராட்சை மது. வைன் என்று நாம் வழங்குவது. குடும்பங்கள் படிக்கும் இப்பகுதியிலே மதுவைப்பற்றி எழுதலாமா என்று அன்பர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நான் குடிப்பவனல்லன், குடிக்கும்படி எவருக்கும் சொல்பவனுமல்லன். வைனின் தரத்தை ஆராயும் வல்லுநர்கூட ஒரு மிடறு வாயிலெடுத்து, நாவெங்கும் உருட்டி, உமிழ்ந்துவிடுவதையே வழக்கமாகக் கொண்டுள்ளனர். அன்று நான் செய்ததும் ஏறத்தாழ அதுவே. நாவை நனைத்தேன், மிகுதியை மூக்கினாலே பருகினேன் எனலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், உறவினர் வீட்டுக் கலியாணமொன்றுக்காகப் பரிஸ் நகரம் சென்றிருந்தேன். கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவர் போர்டோவிலே வாழ்கிறார். கோப்பை கழுவும் வேலையிற் சேர்ந்து, மரக்கறி வெட்டி, அடுப்படிக்கு உயர்ந்து, இப்பொழுது ஓர் உணவுச்சாலையின் தலைமைச் சமையற்காரராக இருப்பவர். "இவ்வளவு தூரம் வந்தனி, என்னைப் பாராமல் போவியோ?" என்று தொலைபேசியிற் சண்டை பிடித்தார். விரைவு ரயில் இரண்டு மணித்தியாலத்திற்குச் சற்று மேலாக ஓடி என்னை அங்கே சேர்த்தது. வழியிலே படிக்கவென்று உல்லாசப் பிரயாணிகளுக்கான சிறு நூலொன்றை வாங்கியிருந்தேன். என் மானத்தை வாங்கியது அந்த நூல்தான்.

போர்டோ, கரோன் என்னும் ஆற்றின் கரையில் அமைந்த துறைமுக நகரம். நகரத்திற்கு வடக்கே கரோனும் டோர்டோனும் ஒன்றாகி, ஜிரோண்ட் என்ற பெயரோடு கடலை நோக்கி அகன்று செல்கின்றன. இடக்கரை பரற்கல் நிலம். அங்கே கபெர்னே சோவின்யோன் என்னும் இனம் செழிக்கும். வலக்கரையிற் களியும் சுண்ணாம்பும் கலந்த மண். அது மேர்லோ என்னும் இனத்திற்கு உகந்தது. நம் யாழ்ப்பாணத்தில் முந்திரிகையைப் பந்தலிட்டுத் தலைக்குமேலே படரவிடுகிறோம் அல்லவா? அங்கே கொடியைக் கம்பியிற் கட்டி இடுப்பளவில் நிறுத்திவிடுகின்றனர். பார்வைக்கு மிளகாய்த் தோட்டம் போலவே வரிசை வரிசையாய்த் தோன்றும்.

1152ஆம் ஆண்டிலே அந்நாட்டின் உரிமைக்காரியாகிய எலியனோர், பின்னர் இங்கிலாந்தின் அரசனான இரண்டாம் ஹென்றியை மணந்தாள். அன்று தொட்டு 1453 வரையில், முந்நூறு ஆண்டுகள் அப்பகுதி ஆங்கில முடியின்கீழ் இருந்தது. போர்டோவின் சிவப்பு வைனுக்கு ஆங்கிலேயர் கிளாரெட் என்று தனிப்பெயர் இட்டு இன்றும் உரிமை கொண்டாடுவது அந்தப் பழக்கத்தினாலேதான்.

என் நண்பருடைய முதலாளி எழுபதைக் கடந்த முதியவர். அவருடைய தந்தையார் வைன் தரகராக இருந்தவர். அந்நகரில் தரகர் என்பது சிறிய தொழிலன்று. 1855இல், மூன்றாம் நெப்போலியன் காலத்திலே, பரிஸ் நகரப் பொருட்காட்சிக்காகப் போர்டோ வைன்களைத் தரம் பிரித்துக் கொடுத்தவர்கள் தரகர்களே. மெடொக் பகுதியின் சிவப்பு வைன்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தனர். லஃபீற், லத்தூர், மார்கோ ஆகிய மூன்றோடு, மெடொக்கிற்கு வெளியே கிராவ் பகுதியிலுள்ள ஓ பிரியோனையும் சேர்த்து முதலாம் வகுப்பிலே வைத்தனர். இனிப்பு வெள்ளை வைன்களுள் இக்கெம் என்னும் தோட்டத்தை எல்லாவற்றிற்கும் மேலான தனி வகுப்பில் இருத்தினர். எதைக்கொண்டு இப்படித் தரம் பிரித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? சுவைத்துப் பார்த்தன்று, சந்தையில் நெடுங்காலம் விற்ற விலையைப் பார்த்தே! அப்பட்டியலின் முதல் வகுப்பில் நேர்ந்த ஒரே மாற்றம் 1973இல் மூத்தோன் என்னும் தோட்டம் இரண்டாம் வகுப்பிலிருந்து ஏற்றப்பட்டதுதான். நூற்றெழுபது ஆண்டுகளாக உலகம் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வியந்துகொண்டிருக்கிறது. நம் பாடசாலைகளுக்குத் தரம் பிரிக்கும் பெற்றோரை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

உணவுச்சாலை மூடியிருக்கும் திங்கட்கிழமை இரவிலே அந்த முதியவர் எங்களை விருந்துக்கு அழைத்தார். அவரும் மனைவியாரும், வைன் வாணிகஞ் செய்து ஓய்ந்த அவருடைய நண்பர் இருவரும், நாங்கள் இருவருமாக ஆறு பேர். சமைப்பவர் என் நண்பரேயாதலால் அரைவாசி நேரம் அவருடைய கதிரை வெறுமையாகவே கிடந்தது. நான் சைவ உணவினன் என்பதறிந்து, எனக்கென்று ஐப்பசி மாதத்துக் காட்டுக் காளானை உள்ளியும் கீரையும் இட்டு எண்ணெயிலே வாட்டி வைத்திருந்தார். இதுவும் அந்நாட்டுக்கே உரிய பதார்த்தம். மற்றவர்க்கு ஆட்டிறைச்சி.

சிவப்பு வைன் போத்தலை முதல்நாளே நிமிர்த்தி வைத்திருந்தனர். முதிர்ந்த வைனிலே அடிமண்டி திரண்டிருக்கும். அது முற்றாக அடியிற் படியவேண்டும். முதியவர் தக்கையை மெல்ல இழுத்தெடுத்து, மெழுகுதிரியை ஏற்றிப் போத்தலின் கழுத்துக்குக் கீழே வைத்து, அவ்வெளிச்சத்திற் பார்த்தபடியே கண்ணாடிச் சாடியொன்றினுள் அசையாத கையோடு வார்த்தார். மண்டி ஒரு கரிய நூல்போலக் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிட்டார். தெளிந்தது மட்டும் சாடியில் நின்றது. தேறல் என்னும் பழந்தமிழ்ச் சொல்லின் பொருளே தெளிந்த மது என்பதன்றோ? யவனர் கப்பலிற் கொண்டுவந்த தேறலைப் புறநானூற்றுப் புலவரும் பாடியுள்ளார். வகுப்பிலே அச்சொல்லுக்கு எத்தனையோ முறை உரை சொல்லியிருக்கிறேன். கண்ணாற் கண்டது அன்றுதான்.

போத்தலைத் துவாயினாற் சுற்றி மறைத்திருந்தார். பெயரைக் கண்டால் நா பொய் சொல்லும் என்பது அவருடைய கொள்கை.

கிண்ணத்தைச் சரித்து வெண்துணிக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொன்னார். நடுவிலே மாதுளஞ் சிவப்பு; விளிம்பிலோ பழைய செங்கல்லின் நிறம். இளம் வைன் நாவற்பழச் சாறுபோல ஊதாவாக இருக்கும். ஆண்டு செல்லச் செல்ல ஊதா மங்கிச் செங்கல் நிறமாகும். திராட்சையின் தோலிலும் விதையிலுமிருந்து இறங்கும் கயர்ப்புப் பொருளே இதற்குக் காரணம். பச்சை வாழைக்காயை அல்லது இளம் பாக்கைக் கடித்தால் வாயை இறுக்கிப் பிடிக்கிறதே, அந்தக் கயர்ப்பு. அப்பொருளின் மூலக்கூறுகள் போத்தலின் இருளிலே ஆண்டுக்கணக்காக ஒன்றோடொன்று கோத்துப் பெருத்து, நிறப்பொருளையும் இழுத்துக்கொண்டு, ஈற்றில் மண்டியாய் அடியிலே படிகின்றன. ஆதலால் இளமையில் வாயை நெரித்த வைன் முதுமையில் மென்மையாகிவிடுகிறது. எல்லா வைனும் இப்படிப் பழுப்பதில்லை. பெரும்பாலானவை இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆயுள் முடிந்து புளித்துப்போவன. முதலிலேயே கயர்ப்பும் புளிப்பும் தாராளமாக உள்ளவைதாம் நெடுங்காலம் நிற்கும்.

முதியவர் என் பக்கம் திரும்பி, என்ன மணக்கிறது என்று கேட்டார். நண்பர் மொழிபெயர்த்தார்.

என் நெஞ்சு திடுக்கிட்டது. நால்வரும் என்னையே பார்த்தனர். ரயிலிலே படித்த சிறு நூல் கைகொடுத்தது. முகத்தைச் சற்றே உயர்த்தி, வயலட் மலரும் கறுப்புக் கரண்ட் பழமும் மணக்கின்றன என்று விடையளித்தேன்.

அந்த அம்மையார் மிகுந்த பட்சத்தோடு, "உங்கள் நாட்டிலும் வயலட் பூக்கிறதா?" என்று கேட்டார்.

பூப்பதில்லை. அம்மலரை நான் என் வாழ்நாளில் முகர்ந்ததுமில்லை. அந்தப் பழத்தைச் சாயத்தண்ணீர்ப் போத்தலின் படத்திலேதான் கண்டிருக்கிறேன். கற்கண்டென இனிக்கின்றது என்று நானே எழுதிவிட்டேன்! காளானைக் கிளறியபடி தலையைக் குனிந்துகொண்டேன்.

என் வெட்கத்தை மாற்றவோ என்னவோ, வணிகர்களுள் ஒருவர் அந்நகரத்திலேயே நடந்த ஒரு சோதனையைச் சொன்னார். போர்டோ பல்கலைக்கழகத்தில் வைன் இயல் பயின்ற 54 மாணவரிடம் இரண்டு கிண்ணங்கள் கொடுக்கப்பட்டன. ஒன்றில் வெள்ளை வைன்; மற்றதில் சிவப்பு. அவரவர்க்குத் தோன்றிய மணங்களை எழுதச் சொன்னார்கள். வெள்ளைக்குத் தேன், எலுமிச்சை, பீச் என்றும், சிவப்புக்குச் செரி, மிளகு, கரண்ட் என்றும் எழுதினர். சில நாள் கழித்து மீண்டும் இரு கிண்ணங்கள். இம்முறை இரண்டிலும் இருந்தது அதே வெள்ளை வைன். ஒன்றிலே மட்டும் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்திருந்தது. சாயங் கலந்ததற்குச் சிவப்பு வைனுக்குரிய சொற்களையே அம்மாணவர் எழுதினர். புரோசே என்னும் ஆய்வாளரும் கூட்டாளிகளும் நடத்திய இந்தச் சோதனை 2001இலே ஆய்விதழில் வெளிவந்தது. வைனையே தொழிலாகப் படித்தோரின் மூக்கைக் கண் ஏய்த்துவிட்டது! அப்படியிருக்க, சிறு நூல் என்னை ஏய்த்ததில் வியப்பென்ன என்று எனக்குச் சற்றே உயிர் வந்தது.

மற்றவர்கள் பேச்சிலே மூழ்கியிருந்தபோது கிண்ணத்தைத் திரும்பவும் மூக்கருகே கொண்டுபோனேன். இம்முறை சொல்லைத் தேடவில்லை. எங்கே இதை முன்னர் மணந்தேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பென்சில் சீவிய தூள். ஐயமேயில்லை. முதலாம் வகுப்பிலிருந்து இன்றுவரை நான் அறிந்த மணம். அதற்குப் பின்னாலே, எங்கள் பாட்டனார் வீட்டுக் கொட்டிலிற் கட்டித் தொங்கவிட்ட புகையிலை. மழை பெய்து ஓய்ந்தபின் தோட்டத்தில் மக்கிய இலை. நண்பரின் காதிலே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு உரக்க மொழிபெயர்த்தார். முதியவர் மேசையைத் தட்டினார். பென்சில் சீவலும் புகையிலையும் இடக்கரையின் முதிர்ந்த வைனுக்கு அவர்களே கூறும் அடையாளங்களாம். பென்சிலுக்கு வாய்ப்பது மணமுள்ள ஒருவகைத் தேவதாரு மரம். வைன் பழகுவது 225 லீற்றர் கொள்ளும் கருவாலி மரப் பீப்பாயிலே. துவாயை அவிழ்த்தார். 1986ஆம் ஆண்டுப் போத்தல். அவ்வாண்டு வைன்கள் இளமையிற் கடுங் கயர்ப்பாய் இருந்தனவென்றும், பொறுக்கமாட்டாதவர்கள் விற்றுவிட்டார்களென்றும், தம் தந்தையார் விற்கவில்லையென்றும் சொன்னார். தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. வாசகர் விலையை விசாரிக்கத் தொடங்கிவிடுவர்.

உணவு முடிந்து நீலப் பூஞ்சணம் ஓடிய ரொக்போர் என்னும் செம்மறிப் பாற்கட்டி வந்தது. அதனோடு இனிப்பு வெள்ளை வைன். இதற்கும் துவாய். வெள்ளை என்பது பெயரளவிலேதான். கிண்ணத்தில் அது தேனாய், பழைய தங்கமாய் ஒளிர்ந்தது.

இவ்வைன் பிறக்கும் விதம் விந்தையானது. போர்டோவுக்குத் தெற்கே சோட்டேர்ன், பார்சாக் என்னும் ஊர்கள் உள்ளன. அங்கே சிரோன் என்னும் சிற்றாறு மரநிழலூடே குளிர்ந்து வந்து, சூடு கூடிய கரோனிலே கலக்கிறது. இலையுதிர் காலத்து அதிகாலையில் அச்சந்திப்பிலிருந்து மூடுபனி எழுந்து தோட்டங்களை மூடும். அந்த ஈரத்திலே பொற்றிற்றிஸ் என்னும் பூஞ்சணம் பழுத்த திராட்சையைப் பற்றும். பிற்பகலில் வெயில் எறித்து உலர்த்தாவிட்டால் குலை முழுவதும் அழுகி நாசமாகும். வெயில் எறித்தாலோ, பூஞ்சணம் துளைத்த தோலினூடே நீர் ஆவியாகிப் பழம் வற்றிச் சுருங்க, இனிப்பும் புளிப்பும் செறிந்து நிற்கும். இதற்கு அந்நாட்டார் இட்ட பெயர் உயர்குல அழுகல்! ஒரு குலையிலே எல்லாப் பழமும் ஒருநாளிற் சுருங்குவதில்லை. ஆகவே ஆட்கள் ஒரே கொடிக்குப் பல முறை திரும்பி வந்து, சுருங்கியவற்றை மட்டும் தெரிந்தெடுப்பர். இக்கெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கிண்ணம் வைனே தேறுமென்பர். பருவம் பிழைத்த 1972, 1974, 1992, 2012ஆம் ஆண்டுகளில் அவர்கள் தம் பெயரில் ஒரு போத்தலும் வெளியிடவில்லை. உழவன் ஓராண்டு உழைப்பை அப்படியே கைவிடுவதென்றால் எளிதோ? காளானும் பூஞ்சணம், பாற்கட்டியிலும் பூஞ்சணம், மதுவும் பூஞ்சணத்தின் கொடை. அன்றிரவு நான் உண்டதில் மூன்று பங்கு பூஞ்சணமென்று வீட்டிலே சொன்னபோது என் மனைவியார் முகஞ் சுளித்தார்.

மீண்டும் அதே கேள்வி. என்ன மணக்கிறது? வணிகர்கள் உலர்ந்த அப்பிரிக்கொட் என்றனர்; குங்குமப்பூ என்றனர். அம்மையார் தோடம்பழத் தோற்பாகு என்றார். அது எனக்கும் தெரிந்தது. ஆயினும் அவற்றிற்குக் கீழே வேறொன்று நின்றது. இனிப்போடு சேர்ந்த மெல்லிய கைப்பு. சட்டியிற் சூடேறிய மணம். அவர்களும் அதை உணர்ந்து, பெயர் சொல்லத் தெரியாமல் வாசனைத் திரவியம் ஏதோ என்று விரலைச் சுழற்றிக்கொண்டிருந்தனர்.

எனக்கு அது தெரியும். ஆனால் நூறு யூரோவுக்குக் குறையாத போத்தலைப் பற்றி இப்படியொன்றைச் சொல்லலாமா? இரண்டு முறை வாயைத் திறந்து மூடினேன். பிறகு நண்பரிடம், "வெந்தயம்" என்றேன். "தாளிச்ச வெந்தயம். சொதி மணக்குது."

நண்பர் மொழிபெயர்க்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், பதினெட்டு வருசமா இதை மணந்துகொண்டு நிக்கிறன்" என்றார் மெதுவாக. "முதல் நாள் கோப்பை கழுவேக்கையே எனக்குத் தெரியும். சொல்லேல்லை. கறி மணம் பிடிச்ச மூக்கு எண்டு சிரிப்பாங்கள் எண்டு பயம்."

அவருடைய முகத்தை அந்நிலையில் நான் முன்பு கண்டதில்லை. வகுப்பிலே விடை தெரிந்தும் கை உயர்த்தாதிருக்கும் பிள்ளையின் முகம் அது. என்ன பேசுகிறீர்கள் என்று முதியவர் கேட்டார். நண்பர் எழுந்து, விடையளியாமலே குசினிக்குட் போனார். வேலையாட்களுக்குச் சமைப்பதற்கென்று அவர் அங்கே வைத்திருக்கும் சரக்குப் பேணிகளுள் ஒன்றின் மூடி திறக்கும் ஓசை கேட்டது. வெறுஞ்சட்டியில் வறுபடும் ஓசையும் கேட்டது. ஒரு சிறு தட்டிலே வறுத்த வெந்தயத்தைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார்.

முதியவர் தட்டை முகர்ந்தார், கிண்ணத்தை முகர்ந்தார், மறுபடியும் தட்டை. ஒன்றும் பேசாமல் மனைவியாரிடம் நீட்டினார்.

ஊருக்குத் திரும்பியபின் இதைத் தேடிப் படித்தேன். சொட்டலோன் என்னும் ஒரு சேர்மம் இருக்கிறது. வெந்தயத்தின் மணத்துக்கு முதன்மையான காரணம் அதுவே. பூஞ்சணம் பற்றிய திராட்சையிலிருந்து வரும் இனிப்பு வைன்களிலும் அது உண்டு. ஒரு லீற்றரில் மைக்கிரோகிராம் கணக்கில் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். கனடாவிலுள்ள உறவினர் அனுப்பும் மேப்பிள் பாணியை மணந்து பாருங்கள். அதிலும் வெந்தயத்தின் சாயல் தெரியும். மேப்பிள் சுவையைச் செயற்கையாக உண்டாக்க வெந்தயச் சத்தைச் சேர்ப்பதும் வழக்கம். ஆக, அன்றிரவு நாங்கள் மணந்தது சொதியை நினைத்து ஏங்கிய இரண்டு தமிழரின் மயக்கமன்று. போத்தலுக்குள்ளே இருந்ததுதான்.

துவாயை அவிழ்த்தபோது அது 1989ஆம் ஆண்டுச் சோட்டேர்ன் என்று தெரிந்தது. பேச்சு வேறு திசைக்குப் போயிற்று. அந்நாட்டு இளைஞரும் குடியைக் குறைத்துவிட்டனராம். 2023இல், ஏறத்தாழ 9,500 ஹெக்டர் கொடியைப் பிடுங்கியெறிய உதவிப் பணம் வழங்கும் திட்டமே வந்துவிட்டது. மது குறைவது நல்லதென்று நான் நினைப்பவன். ஆயினும் வேரோடு பிடுங்கிய தோட்டத்தைப் பற்றி அம்முதியவர் பேசியபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

எழும்பும் நேரத்தில் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். தாம் திறந்த போத்தல்களையெல்லாம் அதிலே எழுதி வைப்பவராம். ஆண்டையும் ஊரையும் எழுதிவிட்டு, நண்பரை அருகே அழைத்து, இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டார். நண்பர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, முதியவர் தம் பாஷையின் எழுத்திலே வெந்தயம் என்று எழுதிக்கொண்டார். பிழை இருக்கிறதா என்று புத்தகத்தை நீட்டியபோது, நண்பர் பேனையை வாங்கி ஓர் எழுத்தைத் திருத்தினார்.